கண்ணுக்கு எது காப்பு? உணவும் உடற்பயிற்சியும் செய்யக்கூடியதும் செய்ய முடியாததும்

கண்ணுக்கு எது நல்லது என்று கேட்டால் நம் வீடுகளில் இரண்டு பதில்கள் உடனே வரும். கேரட்டும் பொன்னாங்கண்ணிக் கீரையும் சாப்பிடு என்பது ஒன்று. கண்ணை மேலும் கீழும் சுழற்றிப் பயிற்சி செய், கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்பது மற்றொன்று. முதல் பதிலுக்குப் பின்னால் நூறாண்டு அறிவியல் இருக்கிறது. ஆனால் அந்த அறிவியல் சொல்வது நாம் நினைத்துக்கொண்டிருப்பதை அல்ல. இரண்டாவது பதிலுக்கு ஆதாரம் மிகக் குறைவு. இவ்விரண்டுக்கும் அப்பால், பார்வையை உண்மையிலேயே காப்பாற்றுகிற சாப்பாட்டுப் பழக்கமும் உடலசைவும் இருக்கின்றன. அவை பெரும்பாலும் கண்ணுக்கென்று தனியாக ஏற்பட்டவை அல்ல. அதனாலேயே கண்ணைப் பற்றிப் பேசும்போது அவை நினைவுக்கு வருவதில்லை.

மாலைக்கண் நோயிலிருந்து தொடங்கலாம். பொழுது சாய்ந்தால் பார்வை மங்கும் இந்தக் கோளாறுக்கு ஈரல் மருந்து என்று பழைய எகிப்தியரும் கிரேக்கரும் அறிந்திருந்தார்கள். ஏன் என்று தெரிய இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் டென்மார்க்கில் ஏழைக் குழந்தைகளின் கண்கள் வறண்டு, கருவிழி புண்ணாகி, பார்வை போவதை ப்ளாக் என்ற குழந்தை மருத்துவர் கவனித்தார். பால் வளம் மிகுந்த நாடு அது. ஆனால் வெண்ணெய் வெளிநாட்டுக்குப் போனது; ஏழைக் குழந்தைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலும் மார்கரினும் மிஞ்சின. போர் முற்றுகையால் ஏற்றுமதி நின்று வெண்ணெய் உள்நாட்டிலேயே கிடைக்கத் தொடங்கியதும் நோய் குறைந்தது. வெண்ணெய்க் கொழுப்பில் உயிருக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை அமெரிக்காவில் மெக்கலமும் டேவிஸும் 1913-இலேயே எலிகளை வைத்துக் காட்டியிருந்தார்கள். அதுதான் பின்னர் வைட்டமின் ஏ எனப் பெயர் பெற்றது.

விழித்திரையில் அந்த வைட்டமின் இருப்பதை 1933-இல் ஜார்ஜ் வால்ட் கண்டறிந்தார். 1967-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்களில் ரொடாப்ஸின் என்ற நிறமி இருக்கிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ஒரு மூலக்கூறு அதில் வளைந்த நிலையில் பொருந்தியிருக்கும். ஒளி பட்டதும் அது நிமிர்ந்துகொள்ளும். அந்த ஒரு மாற்றமே மூளைக்குப் போகும் செய்தியாகிறது. மூலக்கூறு மீண்டும் வளைந்து தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். உடம்பில் கையிருப்பு தீர்ந்தால் இந்தச் சுழற்சி தளர்கிறது, இருட்டில் பார்வை போகிறது. இன்னும் குறைந்தால் வெண்விழியில் நுரை போன்ற சாம்பல் திட்டு தோன்றும். அதற்கும் பிறகு கருவிழியே கரைந்து கண் நிரந்தரமாகக் கெடும்.

இந்தோனேசியாவில் மாலைக்கண் உள்ள குழந்தைகளை ஆராய்ந்த ஆல்ஃபிரட் சாமர், பார்வைக் குறைவு மட்டுமன்றி அந்தக் குழந்தைகளில் இறப்பும் அதிகமாக இருப்பதைக் கவனித்தார். பிறகு ஆச்சே பகுதியில் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தபோது இறப்பு 34 சதவீதம் குறைந்ததாக 1986-இல் முடிவு வெளியானது. பலர் நம்பவில்லை. அந்த நேரத்தில்தான் தமிழ்நாட்டிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட 15,419 குழந்தைகளைத் தேர்ந்து, ஒரு பகுதியினருக்கு வாரம் ஒரு முறை சிறிய அளவு வைட்டமின் ஏ கொடுத்தார்கள். ஒரே ஆண்டில் அவர்களிடையே இறப்பு 54 சதவீதம் குறைவாக இருந்தது. 1990-இல் வெளியான இந்த ஆய்வில் என்னை மிகவும் ஈர்ப்பது அளவுதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தரும் பெரிய டோஸ் அல்ல அது. நல்ல சாப்பாடு கிடைத்தால் ஒரு குழந்தை ஒரு வாரத்தில் தானே பெற்றுக்கொள்ளக்கூடிய அளவு.

இதை ஒட்டி எழுந்த விவாதம் இன்னும் முடியவில்லை. 1970-இல் தொடங்கிய இந்தியத் திட்டம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சொட்டு மருந்து தருவது. அதற்கு அடித்தளமிட்ட ஊட்டச்சத்து ஆய்வுகள் டாக்டர் சி. கோபாலன் தலைமையில் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் நடந்தவை. ஆனால் அதே கோபாலன் பிற்காலத்தில், மருந்தை நிரந்தரத் தீர்வாக்காதீர்கள், கீரையையும் காயையும் குழந்தையின் தட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்று விடாமல் வாதாடினார். உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில் சொட்டு மருந்தால் இறப்பு குறைந்தது 4 சதவீதம் மட்டுமே; அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற அளவு. தடுப்பூசியும் உணவும் முன்னேறிய இடங்களில் பெரிய டோஸின் பலன் குறைந்துவருகிறது என்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. சொட்டு மருந்தை நிறுத்தலாம் என்று இதற்குப் பொருளில்லை. ஏழ்மையும் தட்டம்மையும் இருக்கும் இடத்தில் அது இன்றும் கண்ணைக் காக்கிறது.

தட்டம்மை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, முட்டையும் மீனும் கூடாது என்பது நம் வழக்கம். தட்டம்மை உடம்பிலுள்ள வைட்டமின் ஏ-யை வேகமாகக் கரைக்கும் நோய். கையிருப்பு குறைந்த குழந்தைக்கு அந்த ஒரு வாரத்திலேயே கருவிழி கெட்டுவிடலாம். வைட்டமினும் கொழுப்பும் மிகவும் தேவைப்படும் நாள்களில்தான் பத்தியம் அவற்றை நிறுத்துகிறது. தட்டம்மை கண்ட குழந்தைக்கு அடுத்தடுத்து இரு நாள்கள் வைட்டமின் ஏ தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அம்மனுக்கு வேண்டிக்கொள்ளட்டும், வேப்பிலை கட்டட்டும். குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அழைத்துப் போகட்டும்.

அப்படியானால் எதைச் சாப்பிடுவது? பிறந்த குழந்தைக்குச் சீம்பால். அதில் இந்த வைட்டமின் செறிந்திருக்கிறது. பிறகு முருங்கைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, பரங்கிக்காய், பப்பாளி, மாம்பழம், முட்டை, பால், மீன், எப்போதாவது ஈரல். கேரட்டும் நல்லதுதான், ஆனால் முருங்கை மரம் நிற்கும் கொல்லைக்கு அது கட்டாயமில்லை. கீரையில் இருப்பது நேரடி வைட்டமின் அல்ல, அதற்கு மூலப்பொருளான பீட்டா கரோட்டின். ஏறத்தாழ பன்னிரண்டு பங்கு கரோட்டினிலிருந்து உடம்பு ஒரு பங்கு வைட்டமினை எடுத்துக்கொள்கிறது. கொழுப்பு இல்லாவிட்டால் அதுவும் நடக்காது. கீரை மசியலில் ஊற்றும் ஒரு கரண்டி நல்லெண்ணெயோ, கூட்டில் சேர்க்கும் தேங்காயோ ருசிக்கு மட்டுமல்ல. மாத்திரையில் எச்சரிக்கை வேண்டும். வைட்டமின் ஏ உடம்பில் தேங்கும். கர்ப்பிணிகள் மருத்துவர் சொல்லாமல் அதிக அளவில் எடுத்துக்கொண்டால் கருவுக்குக் கேடு.

கேரட் தின்றால் கண்ணாடி கழலும் என்ற நம்பிக்கைக்கு இதில் இடமில்லை. குறைபாடு உள்ளவருக்கு வைட்டமின் ஏ பார்வையைத் திருப்பித் தரும். போதிய அளவு உள்ளவருக்குக் கூடுதலாக எதுவும் தராது. இரண்டாம் உலகப்போரில் இரவில் எதிரி விமானங்களை வீழ்த்திய ஜான் கன்னிங்ஹாம் கேரட் சாப்பிட்டுப் பார்வை பெற்றார் என்று பிரிட்டன் பரப்பியது. உண்மையில் அவருக்கு உதவியது விமானத்தில் பொருத்திய ராடார். கிட்டப்பார்வை என்பது கண்கோளம் நீண்டுபோவதால் வருவது. எந்தக் காயும் அதைச் சுருக்காது.

முதுமைக்கு வந்தால் பேச்சு வேறு. விழித்திரையின் நடுப்புள்ளியில் லூட்டீன், ஸியாஸாந்தின் என்ற மஞ்சள் நிறமிகள் படிந்திருக்கின்றன. உடம்பால் அவற்றைத் தயாரிக்க முடியாது. கீரை, மக்காச்சோளம், முட்டை மஞ்சள்கரு வழியாகத்தான் வர வேண்டும். பசலை வகைக் கீரைகளை நிறையச் சாப்பிட்டவர்களுக்கு முதுமையில் இந்த நடுப்புள்ளி சிதையும் நோய் குறைவாக வந்ததை அமெரிக்காவில் 1994-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதன் பின் அமெரிக்க தேசிய கண் நிறுவனம் இரண்டு பெரிய சோதனைகளை நடத்தியது. 2001-இல் வந்த முதல் முடிவின்படி, வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், தாமிரம் கலந்த மாத்திரை, நோய் நடுத்தர நிலையில் இருந்தவர்களுக்கு அது முற்றுவதை ஏறத்தாழ 25 சதவீதம் தடுத்தது. 2013-இல் வந்த இரண்டாவது முடிவு, பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு லூட்டீன் சேர்ப்பதே நல்லது என்றது; புகைப்பழக்கம் இருந்தவர்களுக்குப் பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைக் கூட்டியது. ஒமேகா 3 சேர்த்ததில் கூடுதல் பலன் இல்லை. கண்புரையை இந்த மாத்திரைகள் எதுவும் தடுக்கவில்லை. நோய் தொடங்காதவர்களுக்கும் பலன் தெரியவில்லை. இன்று மருந்துக்கடைகளில் எல்லா வயதினருக்கும் விற்கப்படும் கண் மாத்திரைகளுக்கு இந்த ஆய்வுகளைச் சான்று காட்டுவது முறையல்ல. அந்தப் பணத்தில் கீரையும் முட்டையும் வாங்கலாம். புகைப்பதை நிறுத்துவது அவற்றைவிடப் பெரிய மருந்து. நடுப்புள்ளிச் சிதைவுக்கும் கண்புரைக்கும் புகை நேரடிக் காரணம்.

கண்புரை வயதோடு வருவது, அறுவை சிகிச்சையால் தீர்வது. ஆனாலும் புதுச்சேரிப் பகுதியிலும் வடஇந்தியாவிலும் அறுபது கடந்தவர்களிடம் நடந்த ஆய்வொன்று 2011-இல் சொன்னது கவனிக்கத்தக்கது. இரத்தத்தில் வைட்டமின் சி குறையக் குறையக் கண்புரை அதிகமாகக் காணப்பட்டது. முதியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது போதுமான அளவில் இல்லை. இது தொடர்புதான், காரணம் என்று நிறுவப்படவில்லை. எனினும் ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ முதியவர்களின் அன்றாட உணவில் இருப்பதற்கு இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன். பல் போனவர்களுக்குக் கொய்யா கடினம். நெல்லிக்காய்த் துவையலாக அரைத்துத் தரலாம்.

இனிப் பயிற்சி. நியூயார்க்கைச் சேர்ந்த கண் மருத்துவர் வில்லியம் பேட்ஸ் 1920-இல் எழுதிய நூலில், கண்ணைச் சுற்றியுள்ள தசைகளின் இறுக்கமே பார்வைக் குறைகளுக்குக் காரணம், பயிற்சியால் அதைத் தளர்த்திக் கண்ணாடியை விட்டுவிடலாம் என்றார். கண்ணுக்குள் இருக்கும் வில்லையின் வடிவம் மாறுவதால்தான் கிட்டத்தையும் தூரத்தையும் பார்க்கிறோம் என்பதை ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதற்கு 65 ஆண்டுகளுக்கு முன்பே விளக்கியிருந்தார். பேட்ஸின் அடிப்படையே தவறு. ஆனாலும் அவர் முறை உலகம் சுற்றியது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் டாக்டர் ஆர்.எஸ். அகர்வால் தொடங்கிய பார்வைப் பள்ளி வழியாக நமக்கும் அறிமுகமானது. கண்ணை மூடி உள்ளங்கையால் பொத்தி ஓய்வு தருவதில் தீங்கில்லை, இதமாகவும் இருக்கும். பவர் குறைவதில்லை என்பதுதான் செய்தி. சூரியனை நேராகப் பார்க்கும் பயிற்சி மட்டும் தீங்கானது. விழித்திரையில் நிரந்தரத் தழும்பை உண்டாக்கக்கூடியது. அதைக் காலை வெயில் என்று சொல்லிக்கூடக் குழந்தைகளுக்குக் கற்றுத்தரக் கூடாது.

சீனா கண் பயிற்சியை நாடு முழுவதும் செய்து பார்த்தது. 1960-களிலிருந்து அங்கே பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் இசைக்கேற்பக் கண்ணைச் சுற்றி அழுத்திப் பிசையும் பயிற்சி செய்துவந்தார்கள். அந்தத் தலைமுறைகளில்தான் கிட்டப்பார்வை அங்கே பெருகியது.

கண் பயிற்சி முழுவதும் வீண் என்று சொல்ல மாட்டேன். இரண்டு கண்களும் கிட்டத்துப் பொருளின்மேல் ஒன்றுசேர்ந்து குவிய முடியாத ஒரு குறை உண்டு. படித்தால் தலைவலி, எழுத்து இரட்டையாகத் தெரிதல் அதன் அடையாளம். பயிற்சியாளர் மேற்பார்வையில் முறையாகச் செய்யும் சிகிச்சை அதைச் சரிசெய்கிறது என்பது 2008-இல் அமெரிக்கச் சோதனையில் உறுதியானது. வீட்டில் பென்சிலை மூக்கருகே கொண்டுவரும் பயிற்சி அந்த அளவு பலன் தரவில்லை. சோம்பேறிக் கண் உள்ள குழந்தைக்கு நல்ல கண்ணை மூடி மற்றதை வேலை வாங்குவதும் பலன் தரும் பயிற்சியே. ஏழெட்டு வயதுக்குள் தொடங்குவது முக்கியம். இதற்கும் முதலில் சரியான கண்ணாடி வேண்டும். கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்று பயந்து குறைந்த பவரில் வாங்கித் தரும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். மலேசியாவில் 2002-இல் அதைச் சோதித்தபோது, குறைந்த பவர் தரப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் கிட்டப்பார்வை வேகமாகக் கூடியது.

பிள்ளைகளின் கண்ணுக்கு உண்மையில் உதவும் பயிற்சி, கண்ணை அசைப்பதல்ல, காலை வெளியே வைப்பது. 2008-இல் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஆறேழு வயதுச் சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். சிங்கப்பூரில் 29 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவீதம். இரு ஊர்களிலும் பெற்றோரின் கிட்டப்பார்வை ஏறத்தாழ ஒன்றுதான். சிட்னிப் பிள்ளைகள் சிங்கப்பூர்ப் பிள்ளைகளைவிடப் புத்தகமும் அதிகம் படித்தார்கள். வித்தியாசம் ஒன்றில்தான் பெரிதாக இருந்தது: சிட்னியில் வாரத்துக்கு ஏறத்தாழ 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள், சிங்கப்பூரில் 3 மணி நேரம். பின்பு சீனாவின் குவாங்சூ நகரப் பள்ளிகளில் நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டு முடிவில், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருக்க, இங்கே 30.4 சதவீதம். தைவான் 2010-இல் நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியில் என்பதைப் பள்ளிக் கொள்கையாக்கியது. ஆண்டுதோறும் ஏறிவந்த குறை அதன் பிறகு இறங்கத் தொடங்கியது.

இதில் ஓட்டமும் விளையாட்டும் முதன்மைக் காரணம் அல்ல, வெளிச்சம்தான் என்று தெரிகிறது. உள்ளரங்க விளையாட்டுக்கு இந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் வகுப்பறைகளில் வெளிச்சம் சில நூறு லக்ஸ் இருக்கும். வெயில் நாளில் திறந்த வெளியில் பல்லாயிரம். வலுவான ஒளி பட்டால் விழித்திரையில் டோபமைன் சுரந்து கண்கோளம் நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்பது இப்போதுள்ள விளக்கம். மர நிழலிலும் வெளிச்சம் போதும், உச்சி வெயிலில் நிற்கத் தேவையில்லை. ஏற்கெனவே கிட்டப்பார்வை வந்த பிள்ளைக்கு இதனால் கிடைக்கும் பலன் குறைவு. ஆகவே ஒன்றாம் வகுப்பிலிருந்தே வேண்டும். உடற்கல்விப் பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை நான் எதிர்ப்பதற்கு இந்த ஒன்றே போதுமான காரணம். மாலையில் பள்ளி விட்டதும் டியூஷன், இரவில் கைபேசி என்று ஓடும் பிள்ளைக்குப் பகல் வெளிச்சம் கிடைக்கிற ஒரே நேரம் அந்தப் பீரியடாகவே இருக்கலாம்.

திரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கணினி பார்க்கும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைகிறது; எரிச்சலும் வறட்சியும் அதனால் வருபவை. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தூரத்தைப் பார்ப்பதும் முழுதாகச் சிமிட்டுவதும் இதம் தரும். நீல ஒளி தடுக்கும் கண்ணாடி கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023-இல் காக்ரேன் தொகுப்பாய்வு கூறியது. வறண்ட கண்ணுக்கு மீனெண்ணெய் மாத்திரை ஆலிவ் எண்ணெய் மாத்திரையைவிட மேலானதல்ல என்பதும் 2018-இல் தெரிந்துவிட்டது.

நடுவயதுக்காரர்களுக்கு உணவும் உடற்பயிற்சியும் கண்ணைக் காக்கும் பெரிய இடம் சர்க்கரை நோய். இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் அது இருக்கிறது. சென்னையில் நடந்த ஆய்வொன்றில் சர்க்கரை நோயாளிகளில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. ஆறில் ஒருவர் என்று கொள்ளலாம். மிகுந்த சர்க்கரையால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து நீர் கசிகிறது. நடுப்புள்ளி வீங்குகிறது. அடைபட்ட குழாய்களுக்குப் பதிலாக வலுவற்ற புதுக்குழாய்கள் முளைத்து உள்ளேயே இரத்தம் கசிகிறது. வலியே இல்லை. பார்வை மங்குவது தெரியும்போது பாதி வழி கடந்திருக்கும்.

இதைத் தடுக்க முடியும் என்பதற்கான ஆதாரம் கண் மருத்துவத்திலேயே மிக உறுதியான ஆதாரங்களுள் ஒன்று. முதல் வகை நோயாளிகளிடம் சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியபோது விழித்திரைப் பாதிப்பு புதிதாக வருவது 76 சதவீதம் குறைந்ததாக 1993-இல் அமெரிக்கச் சோதனை அறிவித்தது. இரண்டாம் வகையினரிடம் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியதாலேயே பாதிப்பு முற்றுவது 34 சதவீதம் குறைந்தது என 1998-இல் பிரிட்டன் சோதனை சொன்னது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பு கண்ணைத் தொடுவது இந்த வழியில்தான். நோய் வருமுன் காப்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்கு நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் சொல்லித்தந்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்தார்கள். நோயாக மாறுவது 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை தந்த பலனும் ஏறத்தாழ அதே அளவுதான். சோற்றைக் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டுவது, சாப்பிட்டதும் உட்காராமல் சற்று நடப்பது, இனிப்புக் காபியை விடுவது ஆகியவையே என் பார்வையில் நம் மாநிலத்தின் முதன்மையான கண் பாதுகாப்பு. பல ஆண்டுகள் கூடியிருந்த சர்க்கரையைத் திடீரென இறக்கினால் விழித்திரை தற்காலிகமாக மோசமாகலாம். எனவே கடுமையான உணவுமுறைக்கு மாறுமுன் கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆண்டுக்கொரு முறை. புதுக்குழாய்கள் முளைத்தவர்கள் பளு தூக்குவதையும் மூச்சை அடக்கி முக்குவதையும் தவிர்க்க வேண்டும்.

பயிற்சி கண்ணுக்குக் கேடாகும் இடம் இன்னொன்றும் இருக்கிறது. கண்ணழுத்த நோய் என்கிற க்ளாக்கோமா பார்வை நரம்பை ஓசையின்றி அரிப்பது. போன பார்வை திரும்பாது. வேகமாக நடப்பதும் மிதிவண்டி ஓட்டுவதும் கண்ணின் உள்ளழுத்தத்தைச் சற்றுக் குறைக்கின்றன. தலைகீழாக நிற்பது அதற்கு நேர்மாறு. சென்னை சங்கர நேத்ராலயாவில் 75 யோகப் பயிற்சியாளர்களைச் சிரசாசனத்தில் வைத்து அளந்தபோது கண்ணழுத்தம் இரு மடங்கானது என்று 2006-இல் அந்த ஆய்வு வெளியானது. ஆரோக்கியமான கண் அதைத் தாங்கிக்கொள்ளலாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ க்ளாக்கோமா இருந்தால் வாய்ப்பு கூடுதல் என்பதால், நாற்பது வயதில் யோகா வகுப்பில் சேருமுன் கண்ணழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இருப்பது தெரிந்தால் சிரசாசனம், சர்வாங்காசனம் போன்றவற்றை விட்டுவிட்டு மற்ற ஆசனங்களையும் நடையையும் தொடரலாம். நடக்கிறோம் என்பதற்காகச் சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது. நடையால் குறையும் அழுத்தம் மிகச் சிறிது, மருந்து செய்யும் வேலையை அது செய்யாது.